கோட்டுக்கு வெளியே நின்ற மான்

செங்கொம்பன் என்ற மான் பந்தாடிய காலத்தில் அதன் பெயர் எல்லாக் காடுகளிலும் பரவியிருந்தது. கடல் தாண்டி வந்த நாரைகள்கூட அதைப் பார்க்காமல் திரும்பியதில்லை. கால் தளர்ந்ததும் அது கீரிகளின் அணிக்குப் பயிற்சியாளர் ஆனது.

கீரிகள் எங்கே ஆடப் போனாலும் கூட்டம் அலைமோதியது. ஆனால் எல்லாக் கண்களும் கோட்டுக்கு வெளியே நின்ற மானின் மேல்தான். அது தண்ணீர் குடித்தால் கைதட்டல், காதை ஆட்டினால் ஆரவாரம். ஒரு நாள் சுட்டி என்ற கீரி எதிரணியை ஏமாற்றி அருமையான கோல் போட்டது. மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை.

"நான் போட்டதை யாராவது பார்த்தாங்களா அண்ணே?" என்று சுட்டி கேட்டது.

மானுக்குச் சுருக்கென்றது. அடுத்த ஆட்டத்தன்று அது புதருக்குள் ஒளிந்துகொண்டது. மானைக் காணோம் என்றதும் கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்துபோனது. ஆனால் சுட்டி பந்தோடு பாய்ந்தபோது மானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன்னை மறந்து கோட்டருகே ஓடிவந்து கத்தியது.

"யாருப்பா அது? கொஞ்சம் நகரு, மறைக்குது."

பின்னால் ஒரே ஓர் எருமை படுத்திருந்தது. 'யாரு' என்று மானை யாரும் கேட்டதே இல்லை. ஒரு கணம் முகம் வாடியது. பிறகு நகர்ந்துபோய் எருமையின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"அந்தச் சின்னது பிரமாதமா ஆடுது. பேரு என்ன?"

"சுட்டி" என்றது மான்.

"சுட்டீ! விடாதே!" என்று எருமை அடித்தொண்டையில் கத்தியது.

ஓடிக்கொண்டிருந்த கீரி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தது.