தொட்டுப் பார்க்கும் மேசை

"நான் வந்து என்னத்தைப் பார்க்கப் போறேன்? மியூசியம் வேணா என்னைப் பார்க்கட்டும்!"

கிண்டலாகத்தான் சொன்னார் டிரைவர். அவர் மனைவிக்குத்தான் முகம் வாடிப் போனது.

பஸ் ஓட்டி ஊரையெல்லாம் சுற்றின மனுஷன். கண் போனதிலிருந்து வீட்டு வாசலைத் தாண்டவில்லை. பார்வையில்லாதவர்களுக்காக அறிவியல் மியூசியத்தில் 'தொட்டுப் பார்க்கும் நாள்' நடக்கிறது என்று கேள்விப்பட்டு, கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தாள். துணைக்கு அவள் தம்பியும் வந்தான்.

"இப்பவே சொல்லிட்டேன். ஏதாவது பொம்மையைக் கையில குடுத்து, சின்னப் பிள்ளைக்குக் காட்டற மாதிரி காட்டினாங்கன்னா, இதோட சரி. அப்புறம் என்னை எங்கேயும் கூப்பிடக் கூடாது."

"சரிங்க, சரிங்க. முதல்ல உள்ள வாங்க."

கீழ்த்தளத்தில் நீளமான மேசை. அதன்மேல் கட்டில் அகலத்துக்கு ஒரு கல் பலகை. மியூசியத்துப் பொருள்களுக்கெல்லாம் பொறுப்பான காப்பாட்சியர் அம்மா, டிரைவரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கல்லின்மேல் வைத்தார்.

"என்ன இது, பள்ளமா இருக்கு?"

"டைனோசரோட காலடிங்க. ஆத்தோரம் சேத்துல நடந்து போயிருக்கு. அந்தச் சேறு அப்படியே கல்லாயிடுச்சு. கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு."

டிரைவரின் கைகள் மெதுவாக நகர்ந்தன. மூன்று விரல்கள். ஒவ்வொரு விரலுக்குள்ளும் அவருடைய முழுக் கையும் அடங்கியது. சட்டென்று ஓரிடத்தில் கைகள் நின்றன.

"இங்க மட்டும் ஏன் நீளமா இழுத்துக்கிட்டுப் போகுது? பக்கத்துல மேடு தட்டியிருக்கே?"

"நீங்களே சொல்லுங்களேன், பார்ப்போம்."

"வழுக்கியிருக்கு!" கத்தியே விட்டார். "அடேயப்பா! மழையில வண்டி சறுக்குமே, அதே மாதிரி! அடுத்த காலடி எங்கம்மா?"

பரபரவென்று தேடினார். கிடைத்தது.

"நேரா இருக்கு! நல்லா அழுத்தி ஊனியிருக்கு! விழலை... சமாளிச்சு நடந்து போயிடுச்சு!"

அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. குனிந்து அந்தக் காலடிமேல் கன்னத்தை வைத்துக்கொண்டார்.

எவ்வளவு நாளாயிற்று இந்த முகத்தைப் பார்த்து! அவர் மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏய், இது நிஜம்தானே? நீ சொல்லு. நீ சொன்னா நம்பறேன்."

அவள் வாயெடுப்பதற்குள் மாடியைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்த தம்பி படியில் தடதடவென்று இறங்கி வந்தான். அவளைத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் சொன்னான்.

"அக்கா, நிஜக் கல்லு மாடியில இருக்கு! இதே காலடி, இதே வழுக்கல். கண்ணாடிப் பெட்டி என்ன, விளக்கு என்ன, காவலுக்கு ஆளு என்ன! இது ஏதோ அச்சுல வார்த்தது. மாமா தலையில நல்லா மிளகாய் அரைச்சுட்டாங்க."

"கொஞ்சம் இருங்க, வந்துடறேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, காப்பாட்சியர் அம்மாவைப் படியோரம் மடக்கினாள்.

"ஏங்க, உங்களுக்கே நல்லா இருக்கா? கண்ணு தெரியாதவங்கதானே, எதை வச்சாலும் தடவிட்டுப் போயிடுவாங்கன்னு நினைச்சீங்களா? தெரிஞ்சா மனுஷன் மறுபடி வீட்டு மூலையில போய் உக்காந்துடுவார். இப்ப நான் அவருக்கு என்ன பதில் சொல்ல?"

அந்த அம்மா கோபப்படவில்லை. "ஒரு நிமிஷம் மேல வாங்க" என்றார்.

மாடியில் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம். ஆளாளுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். "எப்பேர்ப்பட்ட கல்லு!" என்று ஒருவர் வியந்துகொண்டிருந்தார்.

"பெட்டியைத் திறந்து, கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க" என்றார் காப்பாட்சியர் அம்மா.

காவல்காரர் திறந்தார். அந்தப் பெரிய பலகையை, காலி அட்டைப்பெட்டியைத் தூக்குவது போல ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டிவிட்டு வைத்தார்.

போட்டோ எடுத்தவர்கள் போனைத் தாழ்த்தினார்கள்.

"இதாங்க அச்சு. நகல்னு ஓரத்துல எழுதித்தான் வச்சிருக்கோம், யார் படிக்கிறாங்க? வருஷம் பூரா நிஜக் கல்லு இந்தப் பெட்டியிலதான் இருக்கும். இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அதைக் கிரேன் வச்சுக் கீழ இறக்கிட்டு, இங்க இந்த நகலை வைப்போம்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கீழேயிருந்து டிரைவரின் குரல் வந்தது. "என்ன ஆச்சு? நிஜமா, பொம்மையா?"

அவள் ஓடிப்போய்க் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள்.

"உங்களுது நிஜம்தாங்க! பொம்மையெல்லாம் கண்ணு தெரியற எங்களுக்குத்தான்!"