உப்புக்காத்து ஆகாது

திருச்செந்தூர் பஸ்ஸில் வெள்ளத்தாய்க்கு ஜன்னல் சீட்டு பிடித்துக் கொடுத்து, பையை மேலே ஏற்றி வைத்துவிட்டு, சோலைச்சாமி கீழே இறங்கிக்கொண்டார்.

"ஏங்க, பஸ்ஸை எடுக்கப் போறான். ஏறுங்க."

"நான் வரலை. உப்புக்காத்து எனக்கு ஆகாது. நீ மட்டும் போயிட்டு வா."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அத்தனை சனத்துக்கு முன்னால் புருசன் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? இறங்கித் தொலைப்போமா என்று அவள் எழுந்திருப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. போகட்டும், இவர் வராட்டி கடல் வத்தியா போகும் என்று வீம்பாக உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா அப்பாவின் கல்யாண நாளுக்கென்று மகள் கல்பனா கடலோரத்தில் ஒரு லாட்ஜ் ரூமை ஆசையாகப் பதிந்து கொடுத்திருந்தாள். வெள்ளத்தாய் மகாராஜபுரத்தில் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து வயக்காடு, மாடு, மாமனார், மாமியார் என்று கிடந்தவள். சோலைச்சாமி பட்டாளத்தில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து, இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே அதிகாரம் பண்ணுகிறவர். திருச்செந்தூரில் பிள்ளைகளுக்கு மொட்டை போட்டபோது அவள் கடலைப் பார்த்ததோடு சரி. அன்றைக்கும் கண் பிள்ளைகள் மேலேதான் இருந்தது. ஒரு தடவையாவது அவரோடு உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கவேண்டும் என்று நினைத்திருந்தாள். இந்த மனுசனுக்கு நம்ம மேல கொஞ்சமாவது பிரியம் இருக்கா, இல்லையா? சங்கரன்கோவில் தாண்டியும் அதே நினைப்புதான்.

லாட்ஜ், திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு மீன்பிடி ஊரில் இருந்தது. கீழே ஹெப்சிபாவும் அவள் வீட்டுக்காரரும் குடியிருந்தார்கள். மாடியில் வாடகைக்கு நாலு ரூம். ஜன்னலைத் திறந்தால் கடல். "வாங்கக்கா" என்று ஹெப்சிபா வாய் நிறையத்தான் கூப்பிட்டாள். அதுவரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வெள்ளத்தாய்க்குச் சும்மா இருக்கத் தெரியுமா? செத்த நேரத்தில் கீழே இறங்கி அடுப்படியை எட்டிப் பார்த்தாள். ஹெப்சிபா தனியாளாக மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வெங்காயத்தையாவது இங்கிட்டுத் தா தாயி என்று உட்காரப் போனவளை, ஹெப்சிபா தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனால் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். சரி, விடிந்ததும் வாசலையாவது பெருக்குவோம் என்று வந்தால், விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்காரர் காவல் நிற்கிறார்.

மகாராஜபுரத்துப் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்குப் போன பொம்பளை அடுப்படிப் பக்கம் தலை காட்டி, என்ன செய்யட்டும் என்று கேட்காவிட்டால் அவளுக்குத் திமிர் என்று பேர். கேட்டும் உள்ளே விடாவிட்டால் அதற்கு அர்த்தமே வேறு. எந்தத் தெரு, என்ன ஆளு என்று யோசிக்கிறார்கள் என்று அர்த்தம். வெள்ளத்தாய்க்குச் சுருக்கென்று தைத்தது.

சாப்பாட்டில் வஞ்சனை இல்லை. தோசை கல்லிலிருந்து நேரே அவள் தட்டுக்கு வந்தது. போதும் என்றாலும் இன்னொன்று விழுந்தது. சாயங்காலம் அலையில் கால் நனைத்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி பண்ணிக்கொண்டு, சின்னப் பிள்ளையாட்டம் ஒரு ஓட்டம்கூட ஓடினாள். மறுநாள் மத்தியானம் சொக்கிப்போய்த் தூங்கினாள். பகலில் அவள் இப்படிப் படுத்தது பிள்ளை பெற்ற காலத்தில்தான். எல்லாம் நல்லாத்தான் இருந்தது. அடுப்படி நினைப்பு மட்டும் உறுத்திக்கொண்டே கிடந்தது.

வீட்டுக்குப் போன் போட்டால் சோலைச்சாமி தென்னைக்குத் தண்ணி பாயுது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை கிடையாது.

கிளம்புகிற நேரத்தில் வெள்ளத்தாய்க்கு அடக்க முடியவில்லை. அவளை வழியனுப்ப வந்த ஹெப்சிபாவிடம் கொட்டிவிட்டாள்.

"ஏம்மா, நான் எந்த ஆளோன்னுதானே அடுப்படிக்குள்ள விடலை? கட்டுனவரு பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டு அவரு பாட்டுக்கு இறங்கிட்டாரு. வந்த இடத்துல நீயும் எட்ட நிறுத்திட்ட. நான் என்ன அம்புட்டுக் கேவலமாவா இருக்கேன்?"

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. ஹெப்சிபா பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியமே வாங்கியிருந்தாவ. இனி சொல்லாம இருந்தா எனக்குத்தான் பாவம். நீங்க வந்து இறங்கும் முன்னாலயே உங்க வீட்டுக்காரவிய போன் பண்ணிட்டாவக்கா. 'கரண்டி, தட்டு, விளக்குமாறு, எதையும் அவளைத் தொட விட்றாத தாயி. ஊருக்கெல்லாம் போட்டுட்டு ஆறிப்போனதையே தின்னு பழகிட்டா. அங்கயாவது உக்காந்து சுடச்சுடத் திங்கட்டும்'னு சொன்னாவ. பொறவு வேளைக்கு ஒரு போன். சாப்பிட்டாளா, தூங்குனாளான்னு கேட்டுக் கேட்டு எங்களை ஒரு வழி பண்ணிட்டாவ."

வெள்ளத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனாலும் அவள் வெள்ளத்தாய் ஆயிற்றே, லேசில் விடுவாளா?

"இம்புட்டுப் பாசம் இருக்கவரு, கூட வந்திருக்கலாம்ல?"

"நானும் அதைத்தான் கேட்டேன்க்கா. 'நான் வந்தா எனக்குத் தண்ணி மோந்து குடுக்கவே அவளுக்கு நேரம் சரியாப் போயிரும், பொறவு அவ எங்க கடலைப் பாக்க?'ன்னாவ."