பால்கனிப் புகார்

பால்கனியில் ஈரத்துணி காயப்போட்டதாக ஒரே வாரத்தில் மூன்றாவது நோட்டீஸ் செல்போனுக்கு வந்ததும், எதிர்வீட்டு ரேணுகாதான் போட்டுக்கொடுக்கிறாள் என்று செண்பகவல்லி முடிவுகட்டிவிட்டாள். கணவர் தணிகாசலம் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. துக்கம் விசாரிக்க வந்தபோதே அந்தப் பெண்ணின் கண் பால்கனியை மேய்ந்தது இப்போது நினைவுக்கு வந்தது. அன்று ரேணுகா கொண்டுவந்த குழம்பைக் கதவைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டு, குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெபராஜிடம் போனாள்.

"புகார் குடுத்தவ பேரைச் சொல்லுங்க தம்பி. மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

"வேணாம்மா, விடுங்க."

"அவகிட்ட பயமா? அவ வீட்டு மிக்சி சத்தத்துக்கு மட்டும் ரூல்ஸ் கிடையாதா?"

ஜெபராஜ் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். மூன்று புகாரிலும் தணிகாசலத்தின் பெயர்தான் இருந்தது.

"சார் கமிட்டி மெம்பர். பதவிக்காலம் முடியறவரைக்கும், கேமராவைப் பாத்து, அவரோட பழைய புகாரையெல்லாம் வச்சு, அவர் இருந்தா என்ன எழுதுவாரோ அதை சிஸ்டமே எழுதும்மா. எல்லா மெம்பருக்கும் அப்படித்தான். நீங்க சொன்னா நிறுத்திடலாம்."

அவள் குனிந்து வாசித்தாள். 'இது குடித்தனமா, சலவைத்துறையா?' முப்பது வருடம் அவர் வாயால் கேட்ட கேள்வி.

"பொண்டாட்டின்னுகூடப் பாக்கலை, பாருங்க" என்றாள்.

"நிறுத்திடட்டுமாம்மா?"

"எழுதட்டும்."

மறுநாள் காலை, அவருக்கு அறவே பிடிக்காதபடி, ரோஜாத் தொட்டித் தண்ணீர் கீழ்வீட்டில் ஒழுகும்வரை ஊற்றிவிட்டு, செல்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.