கையெழுத்துப் போடாத கடை

"நாற்பத்தோரு கடையும் போட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி, அக்கா."

பேரவைச் செயலாளர் உள்ளே நுழையும்போதே மனுவை நீட்டினார். ஊருக்குப் பெட்டி அனுப்பும் கடை நடத்துகிற பார்சல் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு அட்டைப்பெட்டியை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

செயலாளருக்குக் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட பரபரப்பு. மணி நான்கு. ஐந்துக்குள் மனு எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். நாளை சபையில் அவர் எழுந்து, "அந்த நாட்டிலிருந்து தப்பி வந்த மக்களே ஒரே குரலில் கேட்கிறார்கள், அங்கே போகிற விமானம், கப்பல், பார்சல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்" என்று முழங்கப் போகிறார். ஒரே குரல் என்றால் இந்தத் தெருவின் நாற்பத்திரண்டு கடைகளும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பேரவைத் தலைவர் அப்படித்தான் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். வாக்குக் கொடுத்தவருக்கு என்ன, தெருத் தெருவாக அலைகிறவர் செயலாளர்தானே.

பேரவை, தப்பி வந்தவர்கள் கூடி ஆரம்பித்ததுதான். ஆனால் அதன் வாடகை, சம்பளம், டீச் செலவு வரை எல்லாம் இந்த நாட்டு அமைச்சகம் தரும் மானியத்தில் ஓடியது. இந்த மாதம் அதைப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் ஆட்களிடம் உங்களுக்கு எவ்வளவு செல்வாக்கு என்று பார்ப்போமே என்று அமைச்சக அதிகாரி சிரித்துக்கொண்டே தலைவரிடம் சொன்னாராம். அந்தச் சிரிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து செயலாளருக்குத் தூக்கம் போய்விட்டது. மானியம் நின்றால் முதலில் போவது அவருடைய வேலை.

"பார்சல் நின்னா கடை போயிடும்னு பயப்படுறீங்க. அதானே?"

"கடை போனா வேற வேலை பார்த்துக்குவேன்."

"அப்புறம் என்ன?"

"பெட்டி போகாதே தம்பி" என்றார் அக்கா, டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தபடி.

செயலாளர் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். அந்த அரசாங்கத்தின் கழுத்தை நெரித்தால்தான் வழிக்கு வரும், கொஞ்ச காலம் எல்லோரும் கஷ்டப்பட்டுத்தான் ஆக வேண்டும் என்று மேடையில் பேசுவதையெல்லாம் இங்கேயும் பேசினார். மேடையில் கைதட்டல் வரும். இங்கே டேப் கிழியும் சத்தம்தான் வந்தது.

செயலாளரின் கைபேசி அடித்தது. தலைவர்.

"போட்டாங்களா இல்லையா? போடலைன்னா அந்தப் பட்டியல்ல சேர்த்துடு. ஆதாரத்துக்கு நாலு போட்டோ எடு. இதுக்கெல்லாம் நான் வரணுமா?"

அந்தப் பட்டியல் என்பது மனுவின் நகலோடு அமைச்சகத்துக்குப் போகும் தனித்தாள். தப்பி வந்த நாட்டு அரசாங்கத்தின் கையாட்கள் என்று பேரவை சந்தேகப்படுகிறவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். போன வருஷம் ஒரு தையல்காரர் பெயர் அதில் ஏறியது. அதிகாரிகள் வந்து சோதனை மேல் சோதனை போட்டார்கள். மனிதர் வெறுத்துப்போய்க் கடையைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார்.

செயலாளர் விஷயத்தைப் பூசி மெழுகாமல் சொன்னார்.

அக்கா அடுத்த பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டார். "அம்மா எப்படி இருக்காங்க?"

"யார் அம்மா?"

"உங்கம்மாதான். இங்க வந்த புதுசுல அவங்களுக்கு ஒரு பெட்டி அனுப்பினியே. அப்புறம் இந்தப் பக்கமே வரலையே."

செயலாளருக்குச் சுருக்கென்றது. பேரவைப் பொறுப்பில் இருப்பவர்கள் ஊரோடு பேசக் கூடாது, எழுதக் கூடாது, ஒரு குண்டூசி அனுப்பக் கூடாது. தெரிந்தால் அங்கே இருக்கும் குடும்பத்தைப் போலீஸ் குடைந்து எடுத்துவிடும். அதனால் மூன்று வருஷமாக அம்மாவின் குரலையே அவர் கேட்கவில்லை. தியாகம் என்று தலைவர் அதை மேடையில் சொல்வார். தனியாக இருக்கும்போது அதை என்னவென்று சொல்வது என்று செயலாளருக்குத் தெரியவில்லை.

"அது எங்க கட்டுப்பாடு. உங்களுக்குப் புரியாது" என்றார் வெடுக்கென்று. "கடைசியாக் கேக்கறேன். போடுவீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேன்."

என்ன பிடிவாதம் இது! ஊரே ஒரு பக்கம் நிற்கிறது, இந்த அக்காவுக்கு மட்டும் வியாபாரம் பெரிதாகப் போய்விட்டது. செயலாளருக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. கைபேசியை எடுத்தார். சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் படம் பிடிக்க ஆரம்பித்தார். முகவரி தெளிவாகத் தெரிய வேண்டும் என்று குனிந்து, கிட்டே போய் எடுத்தார். அக்கா தடுக்கவில்லை.

முதல் பெட்டி. இரண்டாவது. மூன்றாவது.

நான்காவதில் கை நின்றுவிட்டது.

தடித்த பேனாவில் எழுதியிருந்தது அவருடைய அம்மாவின் பெயர். அதே தெரு, அதே கதவு எண். கீழே உள்ளே இருப்பவற்றின் விவரம்: ரத்த அழுத்த மாத்திரை, மூட்டுவலித் தைலம், கம்பளிக் காலுறை. அனுப்புநர் இடத்தில் அக்காவின் பெயர்.

"அக்கா..." முகவரியை விரலால் தடவினார். "இதை யார் அனுப்புறது?"

"உன் பேரைப் போட்டா அங்க வம்பு. அதனாலதான் என் பேர்" என்ற அக்கா, பெட்டியின் ஓரத்தை இன்னொரு முறை அழுத்தி ஒட்டினார். "மத்தபடி மாசா மாசம் நீதான் அனுப்புறே தம்பி. கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள் உங்கம்மா காதுல அப்படித்தான் சொல்லிட்டு வர்றான்."