எருமை வரைந்த தன் முகம்

கன்றுகளை வளர்த்து ஆளாக்கிய பின், எருமை ஒன்று ஓவிய வகுப்பில் சேர்ந்தது. அங்கே அதையும் சேர்த்து ஏழு எருமைகள் படித்தன. தேர்வுக்கு ஒவ்வொருவரும் தம் முகத்தைப் பெயரிடாமல் வரைய வேண்டும். யாருடையது என்று ஆசிரியர் கொக்கு கண்டுபிடித்தால்தான் தேர்ச்சி.

எருமை கண்ணாடியை உற்று நோக்கி வரைந்து முடித்தது. பக்கத்து இருக்கை முயல் எட்டிப் பார்த்தது.

“யாரக்கா இந்தச் சிடுமூஞ்சி? உங்களுக்குச் சிரித்த முகமாயிற்றே!”

எருமை கண்ணாடியைக் கடிந்துகொண்டது.

“தூரிகையை எடுத்தாலே உங்கள் புருவம் நெரிகிறது. நான் என்ன செய்வேன்?” என்றது கண்ணாடி.

எருமை வலிந்து சிரித்தபடி இன்னொரு படம் வரைந்தது.

“பல்வலியா, அக்கா?” என்றது முயல்.

அதற்குள் மணி அடித்துவிட்டது. எருமை மனமில்லாமல் முதல் படத்தையே கொடுத்தது.

கொக்கு அதைப் பார்த்த உடனே, “மூன்றாம் வரிசை, ஜன்னல் ஓரம். தேர்ச்சி!” என்றது.

“எப்படி ஐயா கண்டுபிடித்தீர்கள்?”

“ஆண்டு முழுதும் நான் பார்த்த முகம் இதுதானே, அம்மா.”

எருமை மகிழ்ந்து வாய்விட்டுச் சிரித்தது.

கொக்கு படத்தையும் எருமையையும் மாறி மாறிப் பார்த்தது. “சற்றுச் சிரிக்காமல் இருங்கள், அம்மா. எனக்கே சந்தேகம் வந்துவிடும் போலிருக்கிறது.”