நாலாவது குற்றம்

"ஒண்ணு. எழுபத்தொன்பதுல எங்க கேஸால பேரு வாங்கிட்டு, அப்பீலை ஜூனியர் தலையில கட்டினீரு. ரெண்டு. எண்பத்திரண்டுல எங்க ஓட்டுல எம்.எல்.ஏ. ஆனீரு, ஒரு வருஷம் இந்த மலை ஏறல. மூணு. எண்பத்துநாலுல கூலி மசோதா வந்தப்போ சபையில வாயே திறக்கல. நாலு. எண்பத்தாறுல எட்டு லயத்து வீட்டைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தீரு. அதுக்காகத்தான் எண்பத்தேழுல உம்மைத் தோக்கடிச்சோம்!"

ராஜையன் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். முப்பது வருஷமாகத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர். மூன்று முறை ஜெயிலுக்குப் போனவர்.

தொண்ணூற்றாறு தேர்தல். பொன்முடி தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் ஊரே கூடியிருந்தது. வக்கீல் ஸ்ரீகண்டன் மறுபடியும் ஓட்டுக் கேட்டு வந்திருந்தார்.

"முதல் மூணும் தப்புதான் ராஜையா. ஒத்துக்கிறேன். நாலாவதை மட்டும் விட்டுரும்."

"விடவா? எட்டுல ஒரு வீடு மாடம்மாளுக்கு. புருஷன் செத்த முப்பதாம் நாள் சட்டி பானையைத் தூக்கி வெளியே எறிஞ்சானுவ."

மாடம்மாள் எழுந்தாள். "எனக்கு வீடு திரும்பி வராது. யாரு எழுதிக் கொடுத்தாவன்னு தெரிஞ்சா போதும் சாரே. பத்து வருஷமா அந்த ஆளுக்குத்தான் மண்ணை வாரித் தூத்துதேன்."

ஸ்ரீகண்டன் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான்னு வச்சுக்கோம்மா."

"வச்சுக்கிற கதை வேண்டாம்! ஆதாரம் இருக்கு."

ராஜையன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து உயர்த்தினார். எட்டு வீட்டு ஒப்பந்தத்துக்குத் திருவனந்தபுரம் கோர்ட்டில் முந்தின நாள் வாங்கிய நகல். மலையாளத்தில் டைப் அடித்தது.

"வாசியும் அண்ணாச்சி," என்றான் கூட்டத்தில் நின்ற இளவட்டம் செல்வின்.

"கண்ணாடி கொண்டுவரல."

"தமிழ் நோட்டீசுக்குக் கண்ணாடி வேண்டாம், மலையாளம்னா மட்டும் வேணும் அண்ணாச்சிக்கு!"

கூட்டம் சிரித்தது. ராஜையன் சிரிக்கவில்லை.

"நாலு சாட்சி முன்னால வாசிக்கணும். மாடம்மா, பிச்சம்மா, சற்குணம், செல்வின்... முன்னால வாங்க. அனுஷா, நீ வாசி."

அங்கன்வாடி டீச்சர் அனுஷா காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

"வேண்டாம் மோளே," என்று ஸ்ரீகண்டன் கையை நீட்டினார்.

"பாத்தியளா பயத்தை! நீ சத்தமா வாசி."

அனுஷா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

"எட்டு வீடுகளையும் காலி செய்து கொடுக்கச் சம்மதம். இதற்கு வக்கீல் ஸ்ரீகண்டன் உடன்பட மறுத்ததால், தொழிலாளர் சார்பில் கம்பெனி ஆபீசுக்கு நேரில் வந்து, மலையாளத்தில் உள்ள இதை முழுவதும் தானே வாசித்துப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டவர்..."

அனுஷா நிறுத்தினாள்.

"பேரு?" மாடம்மாள் கேட்டாள். "பேரைச் சொல்லு மக்கா."

அனுஷா காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாசித்தாள்.

"ராஜையன்."