முப்பத்தொன்பதும் ஒன்றும்

“நாப்பதுல முப்பத்தொன்பது பேருக்குப் புரிஞ்சிருக்கு. அந்த ஒருத்தரை விடுங்களேன்” என்றாள் மனைவி, சட்டையை இஸ்திரி போட்டபடி.

“எப்படி விடுறது? ஆறு வாரமா அதே ஒருத்தன். என் தூக்கமே போச்சு.”

“உங்க தூக்கமாவது போச்சே. உங்க வகுப்புல யாருக்கும் போனதில்லை.”

புள்ளியியல் பேராசிரியர் முறைத்தார். இருபது வருடமாகக் கல்லூரியில் அவருக்குத் ‘தாலாட்டு’ என்று பெயர். அது வீடு வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது.

அந்தப் பெயரைத் துடைக்க இப்போதுதான் ஒரு வழி கிடைத்திருந்தது. நான்கு பல்கலைக்கழகங்கள் கூட்டாகச் சேர்ந்து, எப்படிப் பாடம் நடத்தினால் மாணவர்களுக்குப் புரிகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தன. வாரம் ஒரு வகுப்பு வீடியோவில் பதிவாகும். முடிந்ததும் ஆசிரியர் வெளியே போய்விட வேண்டும். மாணவர்கள் பயமில்லாமல், பெயர் எழுதாத சீட்டில் ‘புரிந்தது’ அல்லது ‘புரியவில்லை’ என்று டிக் அடிக்கலாம். ஒரு வாரமாவது நாற்பது சீட்டும் ‘புரிந்தது’ என்று வந்துவிட்டால், நான்கு பல்கலைக்கழகங்களுக்கும் அவருடையதுதான் மாதிரி வகுப்பு.

குரலை உயர்த்திப் பார்த்தார். முப்பத்தொன்பது. போர்டில் எழுத்தைப் பெரிதாக்கினார். முப்பத்தொன்பது. ஜோக் ஒன்று சொன்னார். அவர் மட்டும் சிரித்தார். அப்போதும் முப்பத்தொன்பதுதான்.

“இப்படி அசையாம நிக்கிற எண்ணை என் சர்வீஸ்லயே பார்த்ததில்லை” என்றார், வருத்தத்திலும் கொஞ்சம் பெருமையாக.

“சரி, நிகழ்தகவுன்னா என்னங்க? எனக்குச் சொல்லுங்க பார்ப்போம்.”

சொன்னார். அவர் முடிப்பதற்குள் அவள் மூன்று சட்டைகளை மடித்து வைத்துவிட்டாள்.

“அந்த ஒருத்தர் பாவம்ங்க. தினமும் பார்க்காம கையை விட்டு ஜோடி மாத்திப் போட்டுட்டுப் போறீங்களே சாக்ஸ், அதை வச்சுச் சொல்லித் தொலைங்களேன்.”

மறுநாள் ஒரு பை நிறைய சாக்ஸோடு வகுப்புக்குள் நுழைந்தார். போர்டைத் தொடவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டை எடுத்தால் ஜோடி சேருமா, எத்தனை தடவைக்கு ஒரு தடவை சேரும் என்று பையைச் சுற்றவிட்டார்.

“துவைச்சதுதானா சார்?” என்று ஒரு பெண் கேட்டாள். வகுப்பே சிரித்தது. மணி அடித்தது அவருக்கே கேட்கவில்லை.

அடுத்த நாள் முடிவு வந்தது. நாற்பதுக்கு நாற்பது.

நேராகக் கேமரா அறைக்குப் போனார். வகுப்பைப் படமெடுத்து, சீட்டுகளையும் வாங்கி அனுப்புகிற கேமராக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“அந்த ஒருத்தன் யாருன்னு இப்பவாவது சொல்லுங்க. திட்ட மாட்டேன். கையைக் குலுக்கிட்டுப் போயிடுறேன்.”

கேமராக்காரர் சற்று யோசித்தார். பிறகு தயங்கித் தயங்கித் தன் கையை நீட்டினார். “நான்தான் சார்.”

“நீங்களா?”

“எனக்கு நிஜமாவே புரியலை சார். அதுல பொய் சொல்ல மனசு வரலை. நேத்து சாக்ஸ்ல பளிச்சுன்னு புரிஞ்சிடுச்சு.”

பேராசிரியர் அந்தக் கையைப் பற்றிக் குலுக்கினார். குலுக்கும்போதே ஒரு கணக்கு இடித்தது.

“பசங்க நாப்பது பேர். உங்க சீட்டையும் சேர்த்தா நாப்பத்தொண்ணு வரணுமே?”

“பசங்க எங்க சார் சீட்டு போட்டாங்க? நீங்க வெளியே போனதும் உங்களுக்கு முன்னாடி கேன்டீன்ல இருப்பாங்க. நாப்பது சீட்டும் கட்டாயம் வந்தாகணும்னு மேலிடத்து உத்தரவு. அதான் மத்த முப்பத்தொன்பதையும், உங்க மேல இருக்கிற மரியாதையில, நானே டிக் பண்ணிடுவேன்.”